புளி போட்டு மினுக்கிய குழாய்

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஸ்காபரோ வீட்டு பேஸ்மென்டில் இருந்ததுபோல அழகான வயரிங் ரொறன்ரோவில் வேறெங்கும் இருந்திராது. சுவரெல்லாம் கொங்கிறீட். உடைத்து வயரைப் புதைக்க வழியில்லை, வெளியே விட்டால் அசிங்கம். அதனால் மாமா, தான் வேலை செய்த தொழிற்சாலையில் கழித்துப்போட்ட பித்தளைக் குழாய்களைக் கேட்டு வாங்கிவந்து, வயரை அவற்றுக்குள் விட்டுச் சுவரோடு ஓட்டினார். மூலைகளில் குழாயை அவர் வளைத்த நளினத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மாமா அம்மாவின் தம்பி. சண்டை நடந்துகொண்டிருந்த ஊரிலிருந்து தப்பி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பேஸ்மென்டில்தான் படுப்பார். நித்திரையில் அலறுவார், அம்மா ஓடிப்போய்ப் பக்கத்தில் இருப்பார். பேய்ப்படம் பார்த்த பயமாக்கும் என்று எட்டு வயதில் நான் நினைத்துக்கொண்டேன்.

வயரிங் முடிந்ததும் பேஸ்மென்டை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவதென்று அப்பா தீர்மானித்திருந்தார். மாமா வேறிடம் பார்க்க வேண்டும். அவரும் தலையாட்டியிருந்தார்.

ஆனால் வேலை முடிந்தபாடில்லை. முடிகிற நேரம் பார்த்து அம்மாவுக்கு ஓர் ஆசை வந்துவிடும்.

"தம்பி, சாமித்தட்டுக்கு மேலை ஒரு லைற் இருந்தால் நல்லாயிருக்கும்."

அது எரிந்ததும் படிக்கட்டுக்கு ஒன்று. பிறகு உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு மேலே ஒன்று. "உது என்ன வீடோ, கோயில் திருவிழாவோ?" என்று அப்பா கேட்டார்.

ஒருவழியாக எல்லாம் முடிந்து, அந்தக் குடும்பம் வந்து பார்ப்பதாக இருந்தது. அதற்கு முதல்நாள் அம்மா வெள்ளிக்கிழமை விளக்கை வழக்கம்போலப் புளி போட்டுத் தேய்த்தார். மிச்சப் புளியோடு பேஸ்மென்டுக்கு இறங்கினார். சுவரிலிருந்த பெட்டியைத் திறந்து மெயினை நிறுத்தினார். என்னை டோர்ச் பிடிக்கச் சொல்லிவிட்டு, குழாய் முழுவதையும் புளித்தண்ணீரால் மினுக்கினார். பித்தளை பொன்னாக ஜொலித்தது. பொருத்துகளுக்குள்ளும் தாராளமாகத் தண்ணீர் போனது.

பின்னேரம் வேலையால் வந்த மாமா தலையில் கைவைத்தார்.

"ஐயோ அக்கா, உள்ளுக்குத் தண்ணி பூந்திட்டுது! எல்லாத்தையும் கழட்டிப் புது வயர்தான் விடவேணும்."

"எனக்கென்னடா தெரியும், உந்தக் கறண்டைப் பற்றி?" என்றார் அம்மா.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "மச்சான், உன்ரை கொக்காவை இனி உதுக்குக் கிட்டவும் விடாதை."

நானும் சேர்ந்து சிரித்தேன். அம்மாவை நினைக்கக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அந்தக் குடும்பம் வேறு வீடு பார்த்துக்கொண்டது. மாமா முதலிலிருந்து தொடங்கினார். பனி கரைந்து போனது. அலறல் எப்போது நின்றது என்பதை நான் கவனிக்கவில்லை. ஒருநாள் அம்மா, "இனிக் காணும், தம்பி, வயரிங் வேலை போதும்" என்றார். மாமா டோர்செட் பார்க் பகுதியில் ஒரு கூட்டாளியோடு தங்கப் போனார். அம்மா அவருக்குப் புட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டு, கார் போனபிறகும் வாசலில் நின்றார்.

அம்மா ஊரில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்தவர். அது எனக்கு அப்போதே தெரியும். மெயினை நிறுத்தியதை டோர்ச்சோடு நின்று பார்த்தவனும் நான்தான். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு வயது போதவில்லை. எல்லாம் தெரிந்த அப்பா ஏன் அப்படிச் சிரித்தார் என்பதும் அப்போது விளங்கவில்லை.