நான்காவது சரணம்

1977 குளிர்காலத்தில், கல்கத்தா பெஹாலாவில் ஒரு கல்லூரி விழா மேடையில் நிஷித் சர்க்கேல் எலக்ட்ரிக் கிதாரை மாட்டிக்கொண்டு வங்காள நாடோடிச் சாமியார்கள் பாடும் பாவுல் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். பாதியிலேயே செருப்பு பறந்து வந்தது. "பழைய பாட்டைக் கெடுக்காதேடா" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். அடுத்து அவர் பாடியது சொந்தப் பாட்டு, படகுக்காரன் பாட்டு. அதை யாரும் காதில் வாங்கவில்லை.

அந்தப் பாட்டை எழுதிய அன்றே மனைவி கேயா சொல்லியிருந்தாள்.

"கடைசி சரணத்துல உன் பேரைப் போடு. பாவுல்காரங்க எல்லாரும் போடுறாங்கல்ல?"

"நான் என்ன சாமியாரா? பாட்டு என்ன சுவரா, பேரை எழுதி வைக்க?"

இளமைத் திமிர். மூன்று சரணத்தோடு நிறுத்திவிட்டார்.

குழு நான்கு வருஷம்தான் தாங்கியது. டிரம்ஸ்காரர் வங்கி வேலைக்குப் போனார், வயலின்காரர் மஞ்சள் காமாலையில் செத்தார். நிஷித் வீடுவீடாக ஏறி மின்மீட்டர் கணக்கெடுத்தார். பிறகு தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டுக் கழுத்தில் ஒரு துளையை வைத்து அனுப்பினார்கள். அதன்பிறகு பேச்செல்லாம் நோட்டில்தான்.

அடுத்த வருஷம் படகுக்காரன் பாட்டு ஊரெல்லாம் கேட்டது. அர்க்கோ என்ற பையனின் குழு பாடிய கேசட். டீக்கடையில், ஆட்டோவில், எங்கும் அதுதான். நிஷித்துக்குக் கொள்ளை சந்தோஷம். கேசட் அட்டையைப் புரட்டும்வரை. 'நாட்டுப்பாடல். எழுதியவர் தெரியவில்லை.'

சாவதற்குள் அந்த வரியை மாற்றியாக வேண்டும். அவருக்கு வேறு ஆசை எதுவும் மிஞ்சவில்லை. கேயா அவரை அர்க்கோ வீட்டுக்கு அழைத்துப் போனாள். விஷயத்தைக் கேட்ட அர்க்கோ, சித்தப்பாவை அழைப்பதுபோல 'காக்கு' என்றே அவரை அழைத்தான்.

"காக்கு, ரயில்ல பாடிட்டு வந்த ஒரு பாவுல்காரர்கிட்ட கத்துக்கிட்டேன். கடைசியில பேர் இருந்திருந்தா நானே உங்களைத் தேடி வந்திருப்பேன். இல்லாதப்போ யார்னு நெனைக்கிறது?"

பையன் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. அதுதான் நிஷித்துக்கு வலித்தது. வீட்டுக்கு வந்து மூன்று வாரம் அடித்துத் திருத்தி, தன் பெயர் வைத்து நான்காவது சரணத்தை எழுதினார். அர்க்கோ அதை இரண்டு முறை படித்துவிட்டு அவர் காலைத் தொட்டான்.

"அஷ்டமி சாயங்காலம் துர்கா பூஜைப் பந்தல்ல பாடுறேன் காக்கு. நீங்க முன்வரிசையில உக்காரணும்."

நிஷித் இஸ்திரி போட்ட ஜிப்பாவில், துளையைத் துண்டால் மறைத்து உட்கார்ந்தார். மூன்று சரணத்தையும் பந்தலே சேர்ந்து பாடியது. நான்காவது தொடங்கியதும் கூட்டம் தடுமாறி நின்றது.

"அது யாருப்பா நிஷித்? பூஜைக் கமிட்டி செயலாளரா?"

சிரிப்பு எழுந்தது. பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது.

"பழைய பாட்டைக் கெடுக்காதேடா."

அர்க்கோ நிஷித்தைப் பார்த்தான். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. பாதி வரியை விழுங்கிவிட்டு முதல் சரணத்துக்குத் திரும்பினான். பந்தல் உற்சாகமாகச் சேர்ந்துகொண்டது.

"இவர்தான்யா எழுதினது. இங்கதான் உக்காந்திருக்காரு" என்று கேயா எழுந்து கத்தினாள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் பக்கத்து நாற்காலிக்குக்கூட அது எட்டவில்லை. நிஷித் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

அவர் உதடுகளும் கூட்டத்தோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன. துண்டுக்கு அடியிலிருந்து காற்று மட்டும் வந்தது.