ஆற்றங்கரை வரை வந்த விசுவாசி

போன வாரம் டிக்கோயாவில் எங்கள் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் கேட்டார்: “சேர், நீங்க வேதக்காரவங்களா, இந்துவா?”

கிறிஸ்தவரா என்பதைத்தான் எங்கள் பக்கம் அப்படிக் கேட்பார்கள்; சாதாரணக் கேள்விதான். வாயைத் திறந்தேன். ‘மனிதன்’ என்று கம்பீரமாகச் சொல்லிவிடலாமா என நான் யோசிப்பதற்குள், உள்ளேயிருந்து என் மனைவி சரோஜாவின் குரல் வந்தது: “நான் வேதம்ங்க. அவரு வருஷக் கணக்கா யோசிச்சுக்கிட்டு இருக்காரு!”

உண்மைதான்.

தொண்ணூறுகளின் நடுவில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் வாத்தியாராக இருந்தேன். சரோஜாவுக்கு நிமோனியா. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. மூச்சு விடவே படாத பாடு பட்டாள். தோட்டத்தில் ஜெபக்கூட்டம் நடத்தும் பாஸ்டர் தினமும் பஸ் ஏறி வந்து, கட்டிலருகே முழங்காலிட்டார். நானும் கண்ணை மூடி, “ஆண்டவரே, இவளைப் பிழைக்க வச்சா நான் உங்க ஆளு” என்று வாக்குக் கொடுத்தேன். (அன்று காலையில்தான் முருகனுக்குக் காவடி நேர்ந்திருந்தேன். அதை ஆண்டவரிடம் சொல்லவில்லை.)

சரோஜா எழுந்து உட்கார்ந்தாள். எனக்குத்தான் சங்கடம்!

பைபிளை முழுக்கப் படித்துவிட்டுத்தான் முடிவு என்றேன். மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தில் தூங்கிப்போனேன். பிறகு பாஸ்டரிடம் கேள்வி மேல் கேள்வி. “கேளுங்க மாஸ்டர், தீர்ந்ததும் சொல்லுங்க” என்று சிரிப்பார். ஒருநாள் நிஜமாகவே தீர்ந்துவிட்டது. படிக்கப் படிக்க அந்த இயேசுவை எனக்குப் பிடித்தும் போயிருந்தது. ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார்கள்.

அன்று காலை ஆற்றில் பனி மூடியிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று பாஸ்டர் கை நீட்டினார். கரையில் பாதித் தோட்டம் கூடியிருந்தது. நடுவில் என் தாய்மாமன் — மாரியம்மன் கோயில் தலைவர். அவர் என்னையே பார்த்தார், அவ்வளவுதான்.

“பாஸ்டர்... தண்ணி ரொம்பக் குளிருது. சித்திரையில பாப்போமே?”

சத்தியமாக, என் வாயிலிருந்துதான் வந்தது!

கரையெல்லாம் சிரிப்பு. சரோஜா செருப்பைக் கழற்றினாள்.

“நீ எங்க போற?” என்றேன்.

“சாகக் கெடந்தது நானு. சாமிகிட்ட பேரம் பேசுனது நீங்க. உனக்கு நம்பிக்கை இருக்கான்னு என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

பாஸ்டரே திகைத்தார். “யோசிச்சுத்தானம்மா சொல்றீங்க?”

“ஆஸ்பத்திரியிலயே யோசிச்சு முடிச்சிட்டேங்க.”

இறங்கினாள். முழுகி எழுந்தாள். நான் துண்டோடு கரையில் நின்றேன்.

நடுங்கியபடி ஏறி வந்தவளுக்கு மாமாதான் தன் கம்பளியைப் போர்த்திவிட்டார். பிறகு என்னிடம் வந்தார். “அவ எறங்குனது எனக்குப் பிடிக்கல மாப்ள. ஆனா நீ என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்ன பாரு, அது அதவிடப் பிடிக்கல.”

அதன்பிறகு, ‘கொள்கை ரீதியாக மறுத்துவிட்டேன்’ என்று எத்தனை பேரிடம் அளந்திருப்பேன்! காவடியும் எடுக்கவில்லை. முழங்கால் வலி.

நேற்று சரோஜாவிடம் கேட்டேன்: “தினமும் எனக்காக ஜெபம் பண்றியே, நானும் வேதத்துல சேரணும்னுதானா?”

“இல்லைங்க. வேணும்னாலும் வேணாம்னாலும் வாயத் தொறந்து சொல்ற தைரியத்தக் கேக்குறேன்.”

அந்த ஜெபத்துக்கு நானும் ஆமென் சொல்லிவிட்டேன் — மனதுக்குள்தான்!