ஏசித் தண்ணீரும் என் சம்பளமும்

தலைமன்னாரில் கடலைப் பார்த்தபடி நிற்கிற ஒரு விடுதியில் பதினொரு வருடமாக யன்னல் துடைக்கிறேன். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில், காலையில் துடைத்த கண்ணாடி பின்னேரத்துக்குள் உப்புப் படிந்து மங்கிவிடும். கடல் பார்க்கவென்று காசு கொடுத்து வந்தவர்கள் மங்கலைப் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டார்கள்.

போன வருடம் கொழும்பிலிருந்து ஒரு புது மனேச்சர் வந்தார். வந்த கிழமையே ஒரு தாளோடு என்னைக் கூப்பிட்டார். யன்னல் துடைக்கிற மாதச் செலவை மூன்று விதமாகக் கணக்குப் பார்த்திருந்தார். ஒன்று, போத்தலில் வருகிற திரவம். அடுத்தது, நீளத் தடியில் தூரிகையும் தண்ணீர்க் குழாயும் பொருத்திய மெசின். மூன்றாவது நான். மெசின்தான் ஆக மலிவாம்.

"குறை நினைக்காதீங்க அக்கா. மாசக் கடைசியோட நிப்பாட்டிக்குவோம்," என்றார்.

எனக்குக் கண் கலங்கவில்லை. கோபம்தான் வந்தது. நானும் இரண்டு பிள்ளைகளும் சாப்பிடுவது அந்தச் சம்பளத்தில். தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை வாசித்தேன். மெசினுக்கான தண்ணீர்ச் செலவு என்ற இடத்தில் சைபர் போட்டிருந்தார்.

"ஏன் சைபர்?"

"கிணறு இருக்குதானே."

எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒருநாளும் வாயில் விட்டுப் பார்க்காத மனிதர்! "சரி, கீழ்மாடி மெசினுக்கு, மேல்மாடி எனக்கு. ஒரு கிழமை பாப்பம்," என்றேன்.

மெசின் கழுவிய கீழ்மாடிக் கண்ணாடியெல்லாம் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்தது. உவர்த் தண்ணீரால் உப்பைக் கழுவினால் வேறு என்ன நடக்கும்? திட்டை எடுக்கப் போத்தல் திரவம் வாங்கினார். பிறகு நல்ல தண்ணீர் கொண்டுவர பவுசர் லொறி பிடித்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

நாலாம் நாள் மேல்மாடிக்கு ஏறி வந்து, என்ன தண்ணீர் பாவிக்கிறேன் என்று கேட்டார். ஒவ்வொரு ஏசிக் குழாய்க்குக் கீழும் நான் வைத்திருக்கிற வாளிகளைக் காட்டினேன். அதில் சொட்டுகிற தண்ணீரில் உப்பே இல்லை, காசும் இல்லை. முதலில் நனைத்து உப்பைக் கரையவிட்டு, பழைய சாரத் துணியால் துடைத்து, கடைசியில் பேப்பரால் தேய்ப்பேன். முழு மாடிக்கும் ஒரு வாளி போதும்.

அவருடைய முகம் மலர்ந்தது. "அப்ப இதையே மெசினுக்கு ஊத்தலாமே!"

"ஊத்துங்கோ," என்றேன். அன்றைக்குச் சேர்ந்த எட்டு வாளியையும் மூன்றாவது யன்னல் முடியுமுன் மெசின் குடித்துவிட்டது.

கிழமை முடிய அதே தாளோடு தன் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டார். "நீங்கதான் மலிவு அக்கா. அப்படியே வேலையைத் தொடருங்க." பெரிய தானம் செய்கிறவர் மாதிரிச் சொன்னார்.

"ஓம், மலிவுதான். அஞ்சு வருசமாக் கூட்டாத சம்பளத்தையெல்லோ எழுதியிருக்கிறியள். பவுசருக்குக் குடுத்த காசில பாதியை என்ர சம்பளத்தோட கூட்டி எழுதுங்கோ. அப்பவும் நான்தான் மலிவு."

"அதைப் பிறகு பாப்போம்."

"அப்ப யன்னலையும் பிறகு பாப்பம்."

வாளியைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு முன்னால் இருந்த கதிரையில் இருந்தேன். அந்தக் கதிரையில் நான் இருந்தது அதுதான் முதல் தடவை. வெளியே சோளகம் அடித்தது. அவருக்குப் பின்னால் இருந்த யன்னலில் கடல் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர் பேனாவைத் திறக்கும்வரை நான் எழும்பவில்லை.