மைதானத்துக்கு முதுகு காட்டிய கூட்டம்

1930களின் தொடக்கத்தில் சாந்தோமில் எங்கள் கால்பந்துக் குழுவுக்கு நான் காரியதரிசி. டிக்கெட் வைத்து ஆட்டம் நடத்தினோம். பார்க்க வந்தவர்களைவிட ஆடியவர்கள்தான் அதிகம், எண்ணியே பார்த்திருக்கிறேன். மைதானத்தின் சொந்தக்காரர் ஒரு மயிலாப்பூர் வக்கீல். அடுத்த ஆட்டத்துக்கும் ஆள் வராவிட்டால் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும் என்றார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்த ஊரில் எதற்குத்தான் கூட்டம் கூடும் என்று யோசித்து, ஆட்டத்துக்கு முன்னால் அரைமணி நேரம் நாயனக் கச்சேரி என்று நோட்டீஸ் அடித்தேன்.

கூட்டம் வந்தது, மைதான ஓரத்தில் போட்ட மேடையைப் பார்த்து உட்கார்ந்தது. முந்நூறு தலைக்கு மேல் எண்ண முடியவில்லை. அரைமணி ஆனதும் வித்வானுக்குக் கை காட்டினேன். அவர் தோடியில் பாதி வழியில் இருந்தார். குப்பத்து மீனவர் ஒருவர் எழுந்துவிட்டார்.

"இன்னா நைனா, பாதில நிறுத்தச் சொல்றே? பந்து எங்க ஓடிடப் போவுது? நீ ஊது சாமி."

பொழுதோ சாய்ந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் ஆட்டத்தையும் தொடங்கச் சொன்னேன். எங்கள் பையன்கள் கோல் போட்டபோது பலத்த கைதட்டல், அது தவிலுக்கு. மைதானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களை எண்ணினேன். பதினொரு பேர். அதில் ஒருவர் வக்கீல்.

அவர் என்னை அருகில் கூப்பிட்டார். "கூட்டம் சேர்க்க நன்னாத் தெரிஞ்சுண்டுட்டீர் ஓய். இனிமே இங்க கச்சேரியே வச்சுக்கலாம்னு இருக்கேன். பந்துதான் நடுவுல இடைஞ்சலா இருக்கு."

இப்போதும் எங்கே கூட்டத்தைக் கண்டாலும் இரண்டு முறை எண்ணுகிறேன். முதலில் தலைகளை, பிறகு முகம் எந்தப் பக்கம் என்பதை.