மிச்சம் கிடந்த தீனி

மீன் தீனியை ஆராயும் விஞ்ஞானி அந்த அம்மாள். பேச்சிப்பாறை அருகே என் குளத்துக்கு வரும்போதெல்லாம், தண்ணீருக்குள் தொங்கும் தீனித் தட்டைத் தூக்குவார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மீன்கள் மிச்சம் வைத்ததை உற்றுப் பார்ப்பார். மீன்களைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

ஒருமுறை ரப்பர் விதையில் செய்த தீனியோடு வந்தார். நான் பதறிவிட்டேன்.

“மேடம், அது விஷமாக்கும். தின்ன ஆடு செத்துருக்கு.”

“மரச்சீனிக் கெழங்குலயும் அதே விஷம்தான் அண்ணாச்சி. வேகவச்ச தண்ணிய வடிச்சுக் கொட்டிட்டுத்தானே திங்கிய? நானும் விதைய அப்படித்தான் பக்குவம் பண்ணியிருக்கேன். தைரியமா போடுங்க.”

போட்டேன். மீன்கள் கொழுத்தன.

மீன் பிடித்த அன்று எங்கள் வீட்டில் அவருக்கு விருந்து. அவித்த மரச்சீனிக் கிழங்கும், அந்த மீனில் வைத்த குழம்பும். அவர் தட்டில் முள் மட்டும் மிஞ்சியது. நான் மரச்சீனியை முழுவதும் தின்றுவிட்டு, மீன் துண்டுகளை ஓரமாக ஒதுக்கி எழுந்தேன்.

அவருடைய கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. என் தட்டையே பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, தீனி மிச்சம் கெடக்கு?”

திரும்ப உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு எந்த விருந்திலும் என் தட்டில் முள்ளைத் தவிர எதுவும் மிஞ்சியதில்லை.