இரண்டு மூன்று புள்ளிகள்

எண்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம். எனக்கு இருபத்திரண்டு வயது, வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை. சேவூரில் எங்கள் வீட்டுத் தறியில் உட்கார்ந்து மிதியை மிதித்தால், ஒரு சாண் நெய்வதற்குள் மூச்சு வாங்கியது. முதல் பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். ஆரணி டாக்டர் மட்டும் என் நெஞ்சில் வைத்த ஸ்டெதஸ்கோப்பை நெடுநேரம் எடுக்கவில்லை. ஏதோ சத்தம் கேட்கிறது, இதயத்தில் ஓட்டை இருக்கலாம், பெரிய ஓட்டையென்றால் பிள்ளையைச் சுமப்பதே ஆபத்து, வேலூரில் காட்டுங்கள் என்று என் கணவரிடம் சொன்னார். நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

வேலூர் போகும் பஸ் கண்ணமங்கலத்தில் நின்றபோது அவர் இறங்கி ஓர் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார். உரித்துக் கையிலேயே வைத்திருந்தேன். வாயில் போட முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் இருட்டான ஓர் அறையில் என்னைப் படுக்க வைத்தார்கள். அவர் வெளியே நின்றார். லேடி டாக்டர் என் நெஞ்சில் பசை தடவி ஒரு கருவியை வைத்து அழுத்தினார். கழுத்தை வளைத்துப் பார்த்தால், தலைமாட்டில் சின்ன டி.வி. போன்ற திரையில் சாம்பல் நிறமாய் ஏதோ துடித்தது. சரியாகத் தெரியவில்லை, கையில் ஓர் ஊசி போட்டுப் பார்க்க வேண்டும் என்றார்.

நர்ஸ் இரண்டு ஊசிக் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்து, உப்புத் தண்ணீரையும் கொஞ்சம் காற்றையும் இந்தக் குழாயிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்குமாகத் தள்ளினாள். தண்ணீர் கஞ்சி போல் நுரைத்தது. ஊசி போடுமுன் காற்றை வெளியே தள்ளித்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஒருவர் ஊசி போட்ட அன்றே இறந்தபோது, காற்று ஏறிவிட்டது என்றுதான் பேசிக்கொண்டார்கள். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"வேணாங்க. காத்து உள்ள போனா செத்துப்போயிடுவேன்."

டாக்டர் கோபப்படவில்லை. ஓடுகிற ரத்தம் திரையில் தெரியாது, இந்தப் பொடிக் குமிழிகள் வெள்ளையாகத் தெரியும், இதயத்தின் வலது பக்கம் வந்து நுரையீரலில் கரைந்துவிடும், ஓட்டை இருந்தால் இடது பக்கமும் வெள்ளை தெரியும் என்று விளக்கினார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதா என்று கேட்டேன். மிகக் கொஞ்சம்தான் போடுவேன், உனக்கு விருப்பமில்லையென்றால் வேண்டாம் என்றார். என் கணவரைக் கூப்பிடச் சொன்னேன்.

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இதப் பாக்கலைன்னா இன்னா தெரியாம போவுங்க?"

"ஓட்டை இருக்கா இல்லையான்னே தெரியாது. பிரசவ நேரத்துல குத்துமதிப்பாத்தான் முடிவு எடுக்கணும்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டினேன்.

முழங்கையிலிருந்து ஜில்லென்று ஏதோ மேலே ஏறியது. திரை என் தலைக்குப் பின்னால் இருந்ததால் நான் என் கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் மாறவில்லை. இரண்டாவது ஊசி போட்டு, இருமச் சொன்னார் டாக்டர். இருமினேன். என் கணவரின் புருவம் உயர்ந்தது.

"இன்னாச்சு?" என்றேன்.

"வெள்ளையா பொங்கிகினு வந்து ஒரு பக்கம் ரொம்பிச்சு. நீ இருமுனப்ப அந்தாண்ட ரெண்டு மூணு புள்ளி போச்சு. அவ்ளோதான்."

அந்த இரண்டு மூன்று புள்ளிகள் என்னவென்று டாக்டரைக் கேட்டேன். மெல்லிய இடுக்கு ஒன்று இருக்கிறது, பலருக்கு அப்படி உண்டு, இந்த மூச்சிரைப்பு அதனால் வருவதல்ல என்றார். என் கண் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தமே இல்லையே, அந்தச் சத்தமும் அதனால்தான் இருக்கும் என்றார். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, பிரசவத்துக்கு இங்கேயே வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் என் கணவர் சுவரோரம் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

மாத்திரை சாப்பிடச் சாப்பிட இரைப்பு குறைந்தது. பயம் குறையவில்லை. தறியில் இருக்கும்போது நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பேன். மாசியில் வேலூரில் பெண் பிறந்தாள். பக்கத்தில் கிடத்தியதும் அவள் உதட்டைத்தான் முதலில் பார்த்தேன், இதயத்தில் ஓட்டை இருந்தால் உதடு நீலமாகும் என்பார்களே, அப்படி இருக்கிறதா என்று. நல்ல சிவப்பாக இருந்தது.