பக்கத்துக் காம்பராவில் நடந்த கம்பெனி

இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் காளியாயிக்குச் சிறுத்தை என்றாலும் பயமில்லை, கங்காணி என்றாலும் பயமில்லை. ஆள் குறைப்பு என்ற பேச்சுக்கு மட்டும்தான் பயம். முன்பிருந்த தோட்டத்தில் வேலைப் பதிவிலிருந்து புருஷன் பேரை வெட்டியபோது, சட்டிபானையோடு மழையில் நின்றவள் அவள். அந்த மழையில் கண்ட காய்ச்சலிலேயே அவன் போய்ச் சேர்ந்தான். பேர் இருந்தால்தான் லயத்தில், அந்த வரிசை வீட்டில், குடியிருக்க ஒரு காம்பரா. வேறு எந்த நியாயமும் அங்கே எடுபடாது. இப்போது அவளும் மகள் நாகலெட்சுமியும்தான். மகள் எஸ்.எஸ்.ஸி. வகுப்பு. அவள் டீச்சராகிவிட வேண்டும், அவ்வளவுதான் காளியாயியின் ஆசை.

அது 1964. பக்கத்துக் காம்பராப் பையன் சின்னராசா, பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். கூடவே றோலண்ட் என்று ஒரு சிநேகிதன். லயத்துத் தடுப்புச் சுவர் கூரை வரை போகாது. அங்கே இருமினால் இங்கே தூக்கம் கெடும். ஞாயிற்றுக்கிழமை அரிசி புடைத்துக்கொண்டிருந்த காளியாயிக்கு அவர்கள் பேச்சு தெளிவாகவே கேட்டது.

"தேயிலை வெல எறங்கிருச்சு மச்சான். கொஞ்சப் பேர நிப்பாட்டித்தான் ஆகணும்," என்றான் றோலண்ட்.

"புருசன் இல்லாத பொம்பளைங்கள மொதல்ல நிப்பாட்டு," என்றான் சின்னராசா. "அவங்க காம்பராவுல வேல செய்ற ஆளுக நாலு பேரக் குடிவைக்கலாம். லாபம்."

சிரிப்பு வேறு.

முறம் நழுவி அரிசி சிதறியது. படித்தவன், நாளைக்குத் துரைமாரோடு உட்காரப்போகிறவன், தெரியாமலா சொல்வான்? கேட்கவும் அவளுக்குப் பயம். கேட்டால் தன் பேரை ஞாபகப்படுத்தியது போல ஆகிவிடாதா?

தன் பேர் போனாலும் மகள் பேரில் காம்பரா தங்கட்டும் என்று, மறுநாள் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் மகளை இழுத்துப்போய்க் கணக்கப்பிள்ளை முன் நிறுத்தினாள். "இவ பேரப் பதிஞ்சுக்கங்கய்யா. எளவயசு, நல்லா வேல செய்வா."

நாகலெட்சுமி அழுதாள். ஆனாலும் பெற்றவள் கையை விடவில்லை. கணக்கப்பிள்ளை பேரைப் பதிந்துகொண்டார்.

விஷயம் தெரிந்து சின்னராசா பதறிக்கொண்டு வந்தான். "சின்னம்மா, அது கம்பெனி நடத்துற வெளையாட்டு. படிக்கிற எடத்துல எங்க சார் சொல்லிக் குடுத்தது. இல்லாத கம்பெனி, இல்லாத ஆளுக. தங்கச்சியப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க. கணக்கப்பிள்ளைகிட்ட நான் பேசுறேன்."

காளியாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அது கொஞ்ச நேரம்தான்.

"வெளையாடி என்னய்யா பழகுறீங்க?"

"கம்பெனிய நட்டமில்லாம நடத்த."

"பழகிட்டு?"

"உத்தியோகத்துக்குப் போவோம், சின்னம்மா."

"இந்த மாதிரி தோட்டத்துக் கம்பெனிக்குத்தான?"

காளியாயி வாசலில் நின்ற மகளைப் பார்த்தாள்.

"பதிஞ்ச பேரு அப்படியே இருக்கட்டும்யா," என்றாள்.